மென்பொருட் பொறியியலும் அதனைக் கற்பிக்கும் முறையும்

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதக் கற்றவன் மென்பொருட் பொறியியலையும் கற்றவனாவான் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். இஃது உண்மையாயின், அக்கலையைப் பல்கலைக்கழகங்களில் தனிப்பாடமாக வைத்தல் வேண்டாவாகும். செங்கல்லின்மேற் செங்கல் அடுக்கிச் சுவரெழுப்பத் தெரிந்தவரெல்லாம் அணை கட்ட வல்லவரல்லர். அவ்வாறே நிரல் எழுதுதல் வேறு. பலர் கூடிப் பல்லாண்டு பயன்படும் மென்பொருளை ஆக்கிக் காத்தல் வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை யாது, பின்னதை இளைஞர்க்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

வகுப்பறையில் மாணாக்கன் எழுதும் நிரலின் வாழ்நாள் மிகக் குறுகியது. வினாவைத் தருபவர் ஆசிரியர். அவ்வினாவில் ஐயத்திற்கு இடமிராது. எழுதுபவன் ஒருவன், படிப்பவரும் ஒருவரே. மதிப்பெண் இட்டவுடன் அந்நிரல் மறக்கப்படும். உலகில் வழங்கும் மென்பொருளோ இதற்கு முற்றும் மாறானது. அதனை வேண்டுவோர்க்கே தமக்கு வேண்டுவது யாதென முதலில் தெளிவாகத் தெரிவதில்லை. எழுதியவர் வேறு பணிக்குச் சென்ற பின்னும் அது நிலைத்து நிற்கும். முன்பின் அறியாத ஒருவர் அதனைத் திறந்து படித்துத் திருத்த நேரும். சட்டம் மாறினாலும், வரி மாறினாலும், பொறி மாறினாலும் அதுவும் உடன் மாறவேண்டும். ஆகவே, பிறர் பொருட்டு எழுதுதல் என்பதே இக்கலையின் உயிர்நிலை என்று யாம் கருதுகின்றோம்.

இக்கலை பெயர் பெற்ற வரலாறும் இதற்குச் சான்றாகும். 1968-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜெர்மனி நாட்டுக் கார்மிஷ் என்னும் ஊரில், நேட்டோ அமைப்பின் அறிவியற் குழுவினர் ஒரு மாநாடு கூட்டினர். ஐம்பதின்மருக்கு மேற்பட்ட அறிஞரும் தொழில் வல்லுநரும் அதற்கு வந்திருந்தனர். பெரிய மென்பொருள்கள் குறித்த நாளில் முடிவதில்லை. குறித்த செலவில் அடங்குவதில்லை. முடிந்த பின்னும் பிழை மலிந்து கிடக்கின்றன என்பதே அவர்தம் கவலை. பாலங் கட்டுவோர்க்கு உள்ளன போன்ற கோட்பாடுகளும் நெறிமுறைகளும் இத்தொழிலுக்கும் வேண்டும் என்பதைச் சுருக்கென்று உணர்த்தும் பொருட்டே, 'மென்பொருட் பொறியியல்' என்னும் தொடரை மாநாட்டின் பெயராக அவர்கள் தெரிந்தெடுத்தனர்.

இக்கலையை வகுப்பறைக்குக் கொணர்ந்த ஆசிரியருள் பிரெடரிக் புரூக்ஸ் என்பவர் தலைசிறந்தவர். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு பெரிய இயக்க மென்பொருளை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய அவர், 1964-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறித் துறையை நிறுவினார். தாம் பட்ட பாட்டையே பாடமாக்கி 1975-இல் 'த மிதிகல் மேன் மந்த்' என்னும் நூலை வெளியிட்டார். காலந்தாழ்ந்த பணிக்குப் புதிய ஆட்களைச் சேர்ப்பதால் பணி விரையாது, பின்னும் தாழும் என்பது அவர் கண்ட உண்மை. புதியவர்க்குக் கற்பிக்கவேண்டியவர் பழையவரே. அவர் கைவேலை அதனால் நிற்கும். அன்றியும், ஒருவரோடொருவர் கலந்து பேசவேண்டிய வழிகளும் பெருகும். நால்வர் கூடின் அவ்வழிகள் 6. பதின்மர் கூடின் 45. ஐம்பதின்மர் கூடின் 1,225. பாபேல் கோபுரம் ஏன் முடிவுறவில்லை என்பதற்கு அந்நூலில் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆங்கு ஆளுக்கும் குறைவில்லை, செங்கல்லுக்கும் குறைவில்லை; ஒருவர் சொல்லை ஒருவர் அறியாமையே குறை. மறைநூலில் நாம் சிறுவயது முதல் கேட்டறிந்த அக்கதை, பொறியியல் மாணாக்கர்க்கும் பாடமாயிற்று.

இக்குறைக்கு மருந்து தேடியவருள் டேவிட் பார்னஸ் என்பார் ஒருவர். 1972-இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில், மென்பொருளைப் பகுதிகளாகப் பிரிக்கும் நெறியை விளக்கினார். வேலை நிகழும் வரிசைப்படி பிரித்தல் கூடாது. பின்னர் மாறக்கூடியவை எவையென முன்னறிந்து, அவை ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. அங்ஙனம் செய்யின், மாற்றம் நேரும்போது ஓரறையைத் திறந்தாற் போதும். வீடு முழுவதையும் இடிக்கவேண்டுவதில்லை.

இனி, இக்கலையை அசட்டை செய்தால் விளைவது யாது என்பதைத் 'தெராக்-25' என்னும் பொறியின் வரலாறு உணர்த்தும். பல பல்கலைக்கழகங்களில் இன்றும் பாடமாக இருக்கும் துயர வரலாறு அது. கனடா அரசுக்குரிய அணுவாற்றல் நிறுவனம் செய்த அப்பொறி, புற்றுநோயாளர்க்குக் கதிர்வீச்சு அளிப்பது. 1985-க்கும் 1987-க்கும் இடையில், அமெரிக்காவிலும் கனடாவிலும் நோயாளர் அறுவர் அப்பொறியால் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவருட் சிலர் அதனாலேயே உயிர் துறந்தனர்.

நிகழ்ந்தது இது. பொறியில் எலெக்ட்ரான் கதிர், எக்ஸ் கதிர் என இருவகைச் சிகிச்சை உண்டு. எக்ஸ் கதிருக்கு வேண்டும் மின்னோட்டம் மற்றதனினும் ஏறக்குறைய நூறு மடங்கு மிகுதி. இயக்குபவர் ஓரெழுத்தை மாற்றி அடித்து, உடனே மேற்சென்று எட்டு வினாடிக்குள் அதனைத் திருத்துவாராயின், மென்பொருளின் ஒரு பகுதி அத்திருத்தத்தை அறியும். மற்றொரு பகுதி அறியாது. திரையில் எல்லாம் செவ்வனே தோன்றும். நோயாளியின் உடலிலோ மிகுந்த கதிர் பாயும். பின்பு 'பழுது 54' என்னும் எண் தோன்றும். அதன் பொருளை இயக்குபவர் அறியார். பழுதெண்கள் அப்பொறியில் நாடோறும் தோன்றியமையால், அவற்றைப் பொருட்படுத்தாது மேற்செல்வதும் வழக்கமாயிருந்தது.

இதனினும் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. இப்பொறிக்கு முற்பட்ட 'தெராக்-20' என்பதன் மென்பொருளிலும் இதே பிழை இருந்தது. ஆனால் ஆங்கு மின்னியல் தடைக்கருவிகள் தனியே அமைந்திருந்தமையால் உயிருக்கு ஊறு நேரவில்லை. புதிய பொறியில், மென்பொருளே காக்கும் என்று நம்பி அத்தடைகளை நீக்கிவிட்டனர். 1986-இல் டெக்சஸ் மாநிலத்து டைலர் என்னும் ஊரில் முதல் விபத்து நேர்ந்தபோது, பொறி செய்தவர்களால் பிழையைக் காண இயலவில்லை. இரண்டாம் விபத்திற்குப் பின் அம்மருத்துவமனையின் பௌதிக வல்லுநரும், பொறியை இயக்கியவரும், நடந்தது நடந்தவாறே பலமுறை மீண்டும் அடித்துப் பார்த்தனர். விரைந்து திருத்துதலே காரணம் என அவர்களே கண்டனர். இவ்வரலாற்றை ஆராய்ந்து 1993-இல் எழுதிய நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் என்போர், ஒரு தனிப்பிழையின்மேற் பழி சுமத்திவிட்டு அமைதல் கூடாது என்றனர். சோதனையின்மை, குறிப்பெழுதாமை, முறையீட்டைச் செவிமடுக்காமை, மென்பொருளின்மேல் அளவிறந்த நம்பிக்கை ஆகிய யாவும் கூடியே அத்தீங்கை விளைத்தன.

இவற்றை நோக்குமிடத்து, கற்பிக்கும் முறை இன்னதென ஒருவாறு புலனாகும். முதலாவது, மாணாக்கர்க்கு வெற்றுத்தாளைத் தந்து எழுதுக என்பதினும், பிறர் எழுதிய பழைய நிரலைத் தந்து திருத்துக என்பதே நன்று. தெளிவின்றி எழுதியவனை அவர்கள் மனத்துள் நொந்துகொள்வார்கள். அந்நோவே தாம் தெளிவாக எழுதுதற்கு ஆசானாகும். இரண்டாவது, உண்மையில் ஒரு தேவை உடைய ஒருவருக்காகக் குழுவாகக் கூடிச் செய்யவேண்டும். புரூக்ஸ் தம் மாணாக்கரை அவ்வாறே பழக்கினார். நூலகத்தார் ஒருவர் தமக்கு வேண்டுவதைச் சொல்ல, அதனைக் கேட்டு எழுதி, மீண்டும் படித்துக் காட்டி, இதுவன்று யான் கேட்டது என அவர் சொல்லக் கேட்கும் அனுபவத்தை எப்புத்தகமும் தரமாட்டாது. மூன்றாவது, பாதிப் பருவத்தில் வேண்டுகோளை மாற்றுதல் வேண்டும். இயலுமாயின் ஒரு குழுவின் பணியை மற்றொரு குழுவினிடம் ஒப்படைத்தல் வேண்டும். நான்காவது, ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துக் குறை சொல்லும் வழக்கத்தை உண்டாக்குதல் வேண்டும். சொல்பவன் பகைவனல்லன், கேட்பவன் இழிந்தவனல்லன் என்பதையும் உடன் கற்பித்தல் வேண்டும்.

இதிலுள்ள இடர்ப்பாட்டையும் மறைத்தலாகாது. ஐவர் கூடிய குழுவில் இருவர் உழைக்க, மூவர் உறங்குவதுண்டு. மதிப்பெண்ணோ ஐவர்க்கும் ஒன்று. உழைத்தவர் மனம் வெதும்புவர். இதற்கஞ்சித் தனித்தனியே சோதனை வைத்தால், கூடித் தொழில் செய்யும் பயிற்சியே இல்லாது போகும். ஒவ்வொருவரும் செய்த மாற்றங்களை நாள்வாரியாகப் பதிந்து காட்டும் கருவிகள் இன்று உள்ளன. அவற்றோடு குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையும் சேரின், நீதி ஓரளவு நிலைபெறும். எனினும், பதிவில் தோன்றாத உழைப்பும் உண்டு. சோர்ந்த தோழனுக்கு இரவில் விளங்க வைத்தவன் ஒருவரி கூட எழுதியிரான். அவனைக் கண்டறிவது கருவியன்று, ஆசிரியரின் கண்.

கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் கருவிகளும் இக்காலத்தில் வந்துவிட்டன. இனி இக்கல்வி எதற்கு என்பர் சிலர். எழுதுதல் எளிதாகுந்தோறும், எழுதப்பட்டது சரியோ என ஆராய்தல் அரிதாகும் என்பது எம் கருத்து. டைலர் நகரத்து மருத்துவமனையில் உண்மையைக் கண்டது விரைந்து எழுதும் திறமன்று; விடாது மீண்டும் மீண்டும் பார்த்த பொறுமையே.

தமிழ் பயிலும் நமக்கு இக்கருத்துப் புதியதன்று. கூறியது கூறல், மாறுகொளக் கூறல் முதலியவற்றை நூற்குற்றங்களென நம் இலக்கண நூலார் என்றோ வகுத்தனர். மூலத்தை ஆக்கியோர் மறைந்து பன்னூறு ஆண்டுகள் சென்ற பின்னும், உரையாசிரியர்கள் பின்வருவோர் பொருட்டு விளக்கு ஏற்றி வைத்தனர். அவ்விளக்கு இன்றேல் நாம் இன்று இருளில் தடுமாறுவோம். மென்பொருள் எழுதுவோனும் தான் காணாத ஒருவர்க்காகவே எழுதுகின்றான். அவர் நாளை அதனைத் திருத்தவரும் இளைஞராயிருக்கலாம்; கதிர்ப்பொறியின்கீழ் வாய் பேசாது படுத்திருக்கும் நோயாளியாயிருக்கலாம். கண்ணாற் காணாத அவ்வயலாரை மனத்தாற் காணும் பழக்கத்தை மாணாக்கர்க்கு ஊட்டுவதே இக்கல்வியின் முடிந்த பயன். அதனை ஊட்டாத கல்லூரி நிரல் எழுதுவோரைத் தரலாம், பொறியாளரைத் தரமாட்டாது.