இரட்டைப் படத்தில் ஒளியியல்

இரு கண்களும் காண்பதிலுள்ள சிறு வேறுபாடே ஆழத்தை உணர்த்துகிறது என்று வீட்ஸ்டோன் 1838-இல் விளக்கினார். அம்முறையில் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் திருச்சி, தஞ்சைக் காட்சிகளை இரட்டைப் படங்களாக எடுத்தார்.

நீலகிரியில் ஒளியியல் பாடத்துக்கு இதையே செயல்பாடாக்கினேன். மாணவர்கள் 2 மீட்டர் தொலைவிலிருந்த தேயிலைச் செடியைக் கைபேசியில் எடுத்தனர். கண்களின் இடைவெளியான 6.5 செ.மீ. நகர்த்தி மீண்டும் எடுத்தனர். இரண்டையும் சிறிதாக அச்சிட்டு அருகருகே ஒட்டினர். நடுவில் அட்டையை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாலும் அதன் பக்கப் படத்தை மட்டும் பார்த்தனர்.

செடி எழுந்து நின்றது. பின்னாலிருந்த மலை தட்டையாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன். அளவுகோலால் அளந்து, மலை இரு படங்களிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருப்பதைக் கண்டறிந்தனர். அடுத்து 10 மீட்டர் இடைவெளியில் எதிர்மலையை மட்டும் எடுத்தோம். சரிவுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன.

பயிற்சிக்குப் பின்னும் ஆழம் தெரியாத குழந்தையைக் கடிந்துகொள்ள வேண்டாம். கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்படி பெற்றோரிடம் கூறுங்கள்.