மறதி நோயும் மூளையின் இரத்தக் குழாய்களும்



வயது சென்ற தாயோ தகப்பனோ ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டால், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அது அல்சைமர் என்னும் மறதி நோயாகவும் இருக்கலாம். இந்நோயில் இரத்தக் குழாய்களுக்குள்ள பங்கை இங்கே அறிந்துகொள்வோம்.

நம் மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே. ஆயினும் நாம் ஓய்ந்திருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதன் முக்கிய ஆகாரம் குளுக்கோஸ். அதை மூளை மிகக் கொஞ்சமே சேமித்து வைக்கிறது. ஆகையால் இரத்தம் குளுக்கோஸையும் பிராணவாயுவையும் இடைவிடாமல் கொண்டுவர வேண்டும்.

1906-ல் ஜெர்மனி தேசத்து மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் இந்நோயை விவரித்தார். மரித்த ஒரு பெண்ணின் மூளையில் படிவுகளையும், செல்களுக்குள் முடிச்சுகளையும் அவர் கண்டார். அமிலாய்டு என்னும் புரதமே அப்படிவு. பலருக்கு அது மூளையின் சிறு இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் படிகிறது. நோயாளிகளைப் பெட் ஸ்கேன் செய்து பார்த்தால், மூளையின் சில பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாக உபயோகிப்பதும் தெரிகிறது.

அமெரிக்காவில் 678 கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள், மரித்தபின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க மனதார இசைந்தார்கள். டாக்டர் டேவிட் ஸ்னோடன் குழுவினர், அவர்களில் மரித்த 102 பேரின் மூளைகளை ஆராய்ந்து 1997-ல் முடிவை வெளியிட்டனர். அல்சைமர் மாற்றங்களோடு, இரத்தம் தடைபட்டு அழிந்த சிறு இடங்களும் மூளையில் இருந்தவர்களிடம் மறதி நோய் அதிகமாகக் காணப்பட்டது. அல்சைமர் மாற்றங்கள் இல்லாதவர்களை அச்சிறு சேதங்கள் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. இரண்டு சுமைகளும் ஒன்றுசேரும்போது மூளை அதிகமாகத் தளர்ந்துபோகிறது.

இதில் நமக்கு நம்பிக்கை உண்டு. மூளையில் படியும் புரதத்தை நாமே தடுக்க இயலாது. இரத்தக் குழாய்களைப் பாதுகாக்க இயலும். 2019-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120-க்குக் கீழ் வைக்க முயன்றவர்களிடம், 140-க்குக் கீழ் வைத்தவர்களைவிட, மறதி நோய்க்கு முந்திய லேசான ஞாபகக் குறைவு குறைந்திருந்தது. முற்றிய மறதி நோய் குறைந்ததாக அதில் உறுதிப்படவில்லை. உங்களுக்கு ஏற்ற அளவை உங்கள் மருத்துவரே சொல்ல வேண்டும்.

நடுத்தர வயதிலேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதியுங்கள். புகையிலையை விட்டுவிடுங்கள். தினமும் நடவுங்கள். வீட்டில் மறதியுள்ள பெரியவர் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் பதினோராம் முறை கேட்டாலும் கடிந்துகொள்ளாமல் பதில் சொல்லுங்கள். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. அவருடைய மூளை தளர்ந்திருக்கிறது.