நூலும் நூலும்: சத்திரப்பட்டி வெண்துணி – ஓர் ஆய்வு

முன்னுரை

புலவர் யாப்பதற்கும் பெண்டிர் நூற்பதற்கும் 'நூல்' என்னும் ஒரே பெயரை இட்டது தமிழ். பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் இவ்வொப்புமையை உருவகமாகவே விரிக்கின்றது. சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் அங்குக் காட்டப்படுகின்றன. அங்ஙனமாயின் துணியையும் நூல்போற் கற்கலாம் அன்றோ? நம் வட்டாரத் துணியொன்றை அவ்வாறு கற்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோலமுள்ள துணி

தென்னமெரிக்காவின் சிலி, அர்ஜென்டினா நாடுகளில் வாழும் மாப்புச்சே பழங்குடிப் பெண்டிர், 'வித்ரால்' எனும் நிமிர்ந்த தறியில் கம்பளி நெய்கின்றனர். 'த்ராரிவே' எனும் அவர்தம் இடைக்கச்சையின் கோலங்கள் பொருள் பொதிந்தவை. திருவில்லிபுத்தூரை அடுத்த சுந்தரபாண்டியத்துக் கைத்தறிச் சேலைக்கும் கரையே அழகு. இத்துணிகளில் நெய்தவர் திறம் கண்டவுடன் புலனாகும்.

கோலமற்ற துணி

இராசபாளையம் நூற்பாலைகளால் பெயர் பெற்ற ஊர். பி.ஏ.சி. இராமசாமி ராஜா நிறுவிய ஆலை அங்கு 1936இல் தோன்றியது. அதனை அடுத்த சத்திரப்பட்டியிலோ விசைத்தறிகள் மருத்துவமனைக்குரிய பேண்டேஜ் துணியை நெய்கின்றன. அதில் கரையில்லை, வண்ணமில்லை, பூவில்லை. பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்றாய்ப் பின்னும் எளிய நெசவே அது. எனினும் இழைகளுக்கிடையே விடப்படும் இடைவெளி குறையன்று. காயத்திற்குக் காற்றை விடும் வழி அது.

தறியிலிருந்து இறங்கிய துணி நீரை எளிதில் ஏற்காது. பஞ்சின் இயற்கை மெழுகே அதற்குக் காரணம். காரநீரில் வேகவைத்து அம்மெழுகை நீக்கி, வெளுத்த பின்னரே அது குருதியை உறிஞ்சும் தகுதி பெறுகின்றது. ஏனைய துணிகள் ஏற்றுக்கொண்டவற்றால் சிறக்க, இதுவோ இழந்தவற்றால் சிறக்கின்றது எனலாம்.

முடிவுரை

சேலையைப் போற்றிப் பேழையில் வைக்கின்றோம். புண் ஆறியதும் கட்டுத்துணியை எறிந்துவிடுகின்றோம். அதனை நெய்தவர் யாரென எவரும் வினவுவதில்லை. கோலத்திற்கென விலைகூற இயலாத இத்துணிக்கு நூலே பெருஞ்செலவு. ஆதலின் நூல் விலை ஏறுந்தோறும் நெய்வோர் குடும்பம் தளர்கின்றது.

தமிழ் பயிலும் நாம் ஒன்று செய்யலாம். பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என அவர் நாவில் வழங்கும் தறிச்சொற்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்கலாம். நூல் கற்கும் நாம் நூலால் வாழ்வோருக்குச் செலுத்தும் சிறு கடன் அதுவே.