அடுக்களைக் கருவி செய்ய எந்தப் பொருள் ஏற்றது?

கீரிப்பாறையைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். எங்கள் மாணவர்களின் பெற்றோரில் பலர் பால்வெட்டும் தொழிலாளர்கள். அகப்பை, புட்டுக்குழல் போன்றவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளும் கைத்திறன் இங்கு உண்டு. முன்பு சிரட்டையும் மூங்கிலும் போதுமாயிருந்தன. இப்போது பிவிசி குழாய்த் துண்டு, துத்தநாகம் பூசிய கம்பி, வார்னிஷ் எல்லாம் அடுக்களைக்குள் வந்துவிட்டன. ஆகவே எட்டாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள் நடத்தும்போது இச்செயல்பாட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

நோக்கம்: உணவைத் தொடும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்கப் பழகுதல்: புளிப்பைத் தாங்குமா? சூட்டைத் தாங்குமா? இதற்கு முன் எதற்குப் பயன்பட்டது?

செயல்பாடு: நான்கு கண்ணாடி டம்ளர்களில் எலுமிச்சைச் சாறு ஊற்றி, துத்தநாகம் பூசிய ஆணி, மங்கிய செம்புக் கம்பி, எவர்சில்வர் கரண்டி, சிரட்டைத் துண்டு ஆகியவற்றைத் தனித்தனியே போட வேண்டும். ஆணியின் மேல் சிறு குமிழ்கள் தோன்றும், அது ஹைட்ரஜன். செம்பு பளிச்சென்று ஆகும். மற்ற இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இராது. சாற்றைச் சுவைக்க விடாமல் கொட்டிவிட வேண்டும்.

கலந்துரையாடல்: "செம்பில் இருந்த மங்கல் எங்கே போனது?" என்று கேட்டேன். "சாற்றுக்குள்ளே" என்றாள் ஒரு மாணவி. பாடத்தின் மையம் அதுதான். புளி போட்டு விளக்கினால் பாத்திரம் மின்னுவதும் இதனால்தான். செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம் பூசும் காரணமும் விளங்கிவிடுகிறது. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்தது சூடு. பிவிசி ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். புட்டு வேகும் ஆவியோ 100 டிகிரி. இக்குழாய்களில் காரீயச் சேர்மங்கள் கலக்கப்பட்டு வந்ததால், அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல் விதிகள் கொண்டுவந்தது. மாற்று நம் வீட்டிலேயே இருக்கிறது: கண் திறந்த சிரட்டையில் மாவு நிரப்பி ஆவியில் வைத்தால் சிரட்டைப் புட்டு.

மூன்றாவது கேள்வி எங்கள் ஊருக்கு மிக முக்கியம். ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் வந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கோ குடிநீருக்கோ பயன்படுத்தக் கூடாது. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூச்சி அரிக்காமலிருக்க அறுவை ஆலைகளில் மருந்து ஏற்றுவார்கள். அத்தகைய துண்டில் கரண்டி செதுக்க வேண்டாம். அரளி, எட்டி மரங்களைத் தொடவே வேண்டாம்.

சிரட்டை அகப்பைக்கு மூங்கில் காம்பைப் பசையோ ஆணியோ இன்றி இறுக்கிச் செருகலாம். வார்னிஷுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும். ஒவ்வொரு முறையும் கழுவி வெயிலில் உலர்த்தினால் பூஞ்சை பிடிக்காது.

வீட்டுப் பணியாக, அடுக்களையில் உள்ள ஐந்து பொருள்களுக்கு மூன்று கேள்விகளையும் கேட்டு அட்டவணை எழுதச் சொல்லலாம். அதை வகுப்பில் யாருடையது என்று சொல்லாமல் பேசுவது நல்லது. வீட்டின் குறையாக அது ஆகிவிடக் கூடாது. ஒரு பொருளை வேண்டாம் என்று சொல்லும்போதே செலவில்லாத மாற்றையும் சொல்லிவிட்டால், பிள்ளைகள் அதைத் தயங்காமல் வீட்டில் சொல்வார்கள்.