தேடுவது வேறு, கேட்டு எடுப்பது வேறு

கிருலப்பனையில் தவணைக்கு மின்சாதனம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாகப் பணம் கட்டாதவர்கள் யார் யார் என்று முதலாளி கேட்கிறார். கொப்பியென்றால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கணனிக்கு மாறியவர்களோ தேடல் பெட்டியில் ஏதோ ஒன்றைத் தட்டி, வந்ததுதான் முழுப் பட்டியல் என்று நம்பிவிடுகிறார்கள். கடன் கைநழுவுவது இங்கேதான்.

சென்னையில் உருவாகி 2005இல் வெளிவந்த ஸோஹோ சீஆர்எம் மென்பொருளையே உதாரணமாகப் பார்ப்போம். அதில் விபரம் எடுக்கப் பல வழிகள் உள்ளன.

தேடல், ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதற்கு உரியது. அழைப்பு வந்ததும் இலக்கத்தைத் தட்டினால் பெயர் வரும். ஆனால் சற்று முன்னர் சேர்த்த பதிவு உடனே தேடலில் அகப்படாமல் போகலாம்.

எல்லாப் பதிவுகளையும் வரிசையாக வாங்குவது இன்னொரு வழி. உங்கள் பில் மென்பொருளை இதனுடன் இணைத்துத் தருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கையாள்வார்கள். இதில் ஒரு பக்கத்திற்கு 200 பதிவுகளே கிடைக்கும். அடுத்த பக்கத்தைக் கேட்காவிட்டால் 201ஆவது கடன்காரர் பட்டியலிலேயே இருக்க மாட்டார். பிழைச் செய்தியும் வராது!

முதலாளியின் கேள்விக்குப் பொருத்தமானது சீஓகியூஎல் எனும் வினவல் மொழி. ‘பகுதி கிருலப்பனை, நிலுவை பூச்சியத்திற்கு மேல், கடைசிக் கொடுப்பனவு 90 நாட்களுக்கு முன்’ என நிபந்தனைகளைச் சேர்த்து, நிலுவை கூடியவரை முதலில் தரும்படி கேட்கலாம். இதற்கும் ஒரு தடவைக்கான உச்ச வரம்பு உண்டு. மீதியைத் தொடர்ந்து கேட்க வேண்டும். ஒரே தடவையில் 2 இலட்சம் பதிவுகள் வரை கோப்பாக இறக்கும் மொத்த வழியும் இருக்கிறது. சிறு கடைக்கு அது ஆண்டு முடிவில் பிரதி எடுத்து வைக்க உதவும், அவ்வளவுதான்.

எந்த வழியானாலும், எழுதியிருப்பதைத்தான் கணனி பார்க்கும். ஒரு பதிவில் ‘கிருலப்பனை’, அடுத்ததில் ‘கொழும்பு 5’ என்றிருந்தால் மேற்சொன்ன கேள்வி இரண்டாமவரை விட்டுவிடும். முஹம்மத், மொஹமட், வெறும் ‘எம்.’ என மூன்று விதமாகப் பதிந்த ஒரே வாடிக்கையாளர் மூன்று ஆட்களாகிவிடுவார். எம்மவர் கடைகளில் இது சர்வசாதாரணம். ஆகவே பகுதியைத் தட்டெழுத விடாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்யும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை விட்டு, தொலைபேசி இலக்கத்தை அடையாளமாக்குங்கள். அதையும் 077 என்றோ 9477 என்றோ ஒரே முறையில் எழுதுங்கள்.

மென்பொருள் செய்து தருபவரிடம் பணம் கொடுக்குமுன் 250 வாடிக்கையாளர்களைப் பதிந்து, பட்டியல் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 200 மட்டும் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை.