ஒரே குன்றுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

மலையில் நடக்க ஆசை என்று யாராவது சொன்னால், காரைக்குடிப் பக்கத்தில் பேச்சு நேரே கொடைக்கானலுக்குத்தான் ஓடும். வேன் பிடித்து, அறை எடுத்து, கூட்டத்தோடு கூட்டமாக ஒரு முறை போய்விட்டு வந்தால் அந்த ஆண்டுக்கு அதோடு சரி. என் யோசனை வேறு. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு குன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மழைக்கு முன்னும், மழை விட்ட பிறகும், பனிக் காலத்திலும் அதே குன்றுக்கே போங்கள். பெரிய மலையில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிப்போம். சின்னக் குன்றில் அந்த அவசரம் இல்லை. இன்றைக்குப் பாதி தூரம் ஏறி உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். மீதி எங்கும் போய்விடாது.

எந்தக் குன்று? கால் பழகாதவர்களுக்குக் குன்றக்குடிதான் சரி. காரைக்குடியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர், நல்ல சாலை, உச்சியில் சண்முகநாதர் கோயில் வரை படிக்கட்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் இங்கே கூடிப் புறப்படுவது வழக்கம். அதனால் நடைக்குப் பழகிய ஊர் இது. ஆனால் படி ஏறி, கும்பிட்டு, படி இறங்கி வந்துவிட்டால் குன்றின் ஒரு பக்கத்தைத்தான் பார்த்தீர்கள். இறங்கியதும் அடிவாரத்தை ஒட்டி ஒரு சுற்று வாருங்கள். பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் செய்த குடைவரைகள் அங்கே இருக்கின்றன. சூரியன் சாய்வாக விழும் நேரத்தில் சுவரில் உள்ள புடைப்பு உருவங்கள் தெளிவாகத் தெரியும். அதே ஊரில் ஞானியார் மலை என்ற பாறைக் குன்றில் தமிழி எழுத்து வெட்டிய சமணர் குகையும் உண்டு.

படியில் கால் பழகியவர்கள் அடுத்துப் பிரான்மலைக்குப் போகலாம். திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போகும்போதே தூரத்தில் தெரியத் தொடங்கிவிடும். சுமார் 2,500 அடி என்று சொல்லப்படும் இந்த மலைதான் இந்தப் பகுதியிலேயே உயரமானது. அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் கோயில். குன்றக்குடி ஆதீனத்தின் பொறுப்பில் இருப்பது. கீழே கொடுங்குன்றநாதர், நடுவே பைரவர், மேலே பாறையைக் குடைந்த கருவறையில் மங்கைபாகர் என்று மூன்று நிலை. அதற்கும் மேலே, மலையுச்சியில் ஒரு தர்கா. இந்துக்களும் முஸ்லிம்களும் ஏறிப் போகும் இடம். கோயிலுக்கும் தர்காவுக்கும் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்யுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றுங்கள், குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்துங்கள். உச்சிக்குப் போகும் பாதை படிக்கட்டு போலச் சீராக இருக்காது. கிளம்பும் முன் அடிவாரத்தில் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம். இருட்டுவதற்கு வெகு முன்பே இறங்கிவிட வேண்டும்.

பாரி ஆண்ட பறம்பு இதுதான் என்று சொல்லப்படுவதைப் பலரும் அறிவார்கள். நடக்கப் போகிறவருக்கு அதில் ஒரு பயனும் உண்டு. உழாமலே கிடைக்கும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகிய நான்கையும் வைத்துக் கபிலர் இந்த மலையின் வளத்தைச் சொன்னார். குறுந்தொகையிலோ மிளைக்கந்தன் என்னும் புலவர் பறம்பின் சுனைநீர் தை மாதத்தில் எப்படிக் குளிரும் என்பதைத் தொட்டுக் காட்டுகிறார். மலைக்குப் போக எந்த மாதம் நல்லது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நானும் தையைத்தான் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். சுனைகளில் நீர் நிற்கும். புல் இன்னும் காயத் தொடங்கியிருக்காது. காலை எட்டு மணிக்கும் பாறை குளிர்ச்சியாகவே இருக்கும்.

மார்கழியிலிருந்து மாசி நடுப்பகுதி வரை நம் குன்றுகளுக்கு உகந்த காலம். பங்குனி பிறந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். இங்குள்ள மொட்டைப் பாறை காலை பத்து மணிக்குள் சூடேறி, மாலை வெயில் தாழ்ந்த பிறகும் அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். "சாயங்காலம் போனால் வெயில் இருக்காது" என்று சித்திரை மாதத்தில் கிளம்புகிறவர்கள் தலைக்கு மேலே வெயில் இல்லாமல் காலுக்குக் கீழே அடுப்பில் நிற்பார்கள். கோடையில் போகத்தான் வேண்டும் என்றால் விடிவதற்கு முன் அடிவாரத்தில் இருங்கள், எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். அந்த மாதங்களில் காய்ந்த புல்லில் தீ பிடிப்பதும் எளிது. பீடி, சிகரெட், திறந்த வெளியில் சூடம் எதுவும் கூடாது. கோடை மழைக்காலத்திலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி கூடும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால் உச்சி எத்தனை அருகில் இருந்தாலும் திரும்பி இறங்குங்கள். மொட்டைப் பாறையில் நின்றால் சுற்று வட்டாரத்திலேயே உயரமாக நிற்பது நீங்கள்தான்.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிந்தால் அந்த வேகம் உங்களுக்குச் சரி. பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலுக்குச் சுமை கூடுவது இறங்கும்போதுதான். சின்னச் சின்ன அடியாக, முட்டியை லேசாக மடக்கி, செங்குத்தான இடத்தில் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள். கையில் ஒரு மூங்கில் கழி இருந்தால் பெரிய துணை. நெஞ்சு வலி, கண் இருட்டல், இடது கை கனப்பது என்று எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள், கூட வந்தவர் உதவி அழைக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் படிக்கட்டுக் குன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் சூடான கல்லில் நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். வெயில் நாளில் கூடவே உப்புப் போட்ட நீர்மோர். கட்டுச்சோறாகப் புளியோதரை கெடாமல் இருக்கும், ஆனால் குரங்கு இருக்கும் இடத்தில் பையைத் திறக்காதீர்கள். குரங்குக்குக் கொடுக்கவும் வேண்டாம். கையிலிருந்து தின்று பழகிய குரங்குதான் அடுத்து வரும் குழந்தையின் கையைப் பிறாண்டும்.

பாறையைப் பார்த்து நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானே வரும். நம் குன்றுகளின் சரிவில் மேலிருந்து கீழாகக் கறுப்பு வரிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் வழியும் தடம் அது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் படிந்து காய்ந்த நிறம். கோடையில் அதன் மேல் நடந்தால் உப்புத்தாள் போலக் காலைப் பிடிக்கும். ஒரு தூறல் விழுந்துவிட்டால் அதே வரி எண்ணெய் தடவியது போல வழுக்கும். மழை விட்ட ஒரு காலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "தம்பி, கறுப்புல காலை வைக்காதீங்க, வெள்ளைப் பாறையில வாங்க." மலை நடைக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அதேபோல் பாறையின் மேல் தோல் சில இடங்களில் தகடு தகடாக உரிந்து நிற்கும். பகல் சூடும் இரவுக் குளிரும் ஆண்டாண்டாகச் செய்த வேலை. கழியால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலான சத்தம் கேட்டால் அதன் மேல் முழு எடையையும் வைக்காதீர்கள்.

இனி உட்காருங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். நடுவழியில் நிழல் விழும் பாறை ஒன்றில், போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காது, நீங்கள் வந்ததால் எல்லாம் ஒளிந்திருக்கும். பிறகு கல் இடுக்கிலிருந்து பாறை ஓணான் வெளியே வரும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முதுகில் செம்மஞ்சள் ஏறியிருக்கும், உயரமான கல்லாகப் பார்த்து ஏறி நின்று தலையை ஆட்டும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைப் புரட்டிக்கொண்டு போகும். கீழே புதரில் செம்போத்து ஒன்று ஆழ்ந்த குரலில் கூப்பிடும். மயில் அகவினால் எங்கிருந்து என்று திரும்பிப் பாருங்கள்.

உட்கார்ந்த இடத்திலேயே குனிந்தால் பாறை வெடிப்பில் மயிற்சிகை இருக்கும். விரல் நீளம்கூட இராத, விசிறி விரித்தது போன்ற ஒரு பெரணி. வைகாசியில் பார்த்தால் பழுப்பேறிச் சுருண்டு, செத்துப்போன புல் கற்றையாகத் தோன்றும். பிடுங்கிவிடாதீர்கள். நல்ல மழை ஒன்று பெய்த பிறகு வந்து அதே வெடிப்பைப் பாருங்கள், பச்சை விசிறிகள் விரிந்து நிற்கும். ஒரே குன்றுக்குத் திரும்பப் போகச் சொல்வது இதற்காகத்தான். ஒரு முறை போகிறவருக்கு அது காய்ந்த சருகு அல்லது அழகான செடி. இரண்டு முறை போகிறவருக்குத்தான் அது இறந்தது போல் கிடந்து பிழைக்கிற உயிர் என்று தெரியும். சதுரக்கள்ளி, பிரண்டை, ஆவாரை, வெப்பாலை என்று பெயர் தெரிந்தவற்றை ஒரு சின்ன நோட்டில் தேதியோடு குறித்து வாருங்கள். எது எப்போது பூத்தது, சுனையில் தண்ணீர் எந்த மாதம் வற்றியது என்று எழுதுங்கள். மூன்று ஆண்டு எழுதினால் அந்தக் குன்றைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திராது.

சுனையில் சோப்புப் போடாதீர்கள், தட்டுக் கழுவாதீர்கள். கோடைக்கு முன் எஞ்சியிருக்கும் அந்த ஒரு குழித் தண்ணீரில்தான் தலைப்பிரட்டைகள் தவளையாக வேண்டும், ஆடும் மயிலும் குடிக்க வேண்டும்.

கல்லைப் புரட்டுவது, இடுக்கில் கை விடுவது இரண்டும் வேண்டாம். சுருட்டை விரியனும் தேளும் கல்லடியில்தான் இருக்கும். பாறை விளிம்பில் மலைத்தேனீக் கூடோ, மரத்தில் கதண்டுக் கூடோ தெரிந்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். மலைக்குப் போகும் நாளில் வாசனைத் திரவியம் பூசாமல் இருப்பது நல்லது. பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், கொலுசு, கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலையோ கையையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைத் தேடி அடிக்க நேரம் செலவிட வேண்டியதில்லை. கல்குவாரி நடக்கும் குன்றின் பக்கம் போகவே வேண்டாம்.

குவாரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியை 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இராசாளிகளும் கழுகுகளும் வாழும் பாறைக் குன்றுகள் அவை. அந்தப் பகுதியையும் சேர்த்து 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, சுற்றியுள்ள கிராமங்கள் திரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்குள்ளவர்களுக்குத் தங்கள் குன்றில் என்ன இருக்கிறது, எந்தச் சுனை எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்பது தெரியும். நம் பக்கத்துக் குன்றுகளைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்கு அப்படித் தெரியும்? உங்கள் நோட்டுக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதனால்தான்.

பிள்ளைகளை அழைத்துப் போகும்போது உச்சியைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு லென்ஸ் வாங்கிக் கையில் கொடுத்து வெடிப்புகளைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏறுவது அவர்களுக்கே தெரியாமல் நடந்துவிடும். தாத்தாவும் பாட்டியும் உடன் வந்தால் அடிவாரச் சுற்றே போதும்.

தையில் பிரான்மலை போகிறவர்கள் இறங்கியதும் நேரே வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டியில் 1977-இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர். தை மாதத்தில் கருவேல மரங்களில் நத்தைகொத்தி நாரைகளும் கொக்குகளும் அடைந்திருக்கும். மாலை நாலரைக்கு மேல் கரையில் நின்றால், இரை தேடப் போனவை திரும்பி வருவதைப் பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள்.