அதோ ரயில்! தளிர்நடைக் குழந்தையின் உறவுத்திறனை அறிவது எப்படி?

காட்பாடி ரயில் சந்திப்பை ஒட்டிய தெருக்களில் வளரும் குழந்தைகளுக்கு ரயில் ஒரு பெரு வியப்பு. வண்டியின் ஓசை கேட்டதும் ஒன்றரை வயதுக் குழந்தை விரலை நீட்டுகிறது. உடனே, தன்னை இடுப்பில் வைத்திருக்கும் பாட்டியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. மீண்டும் வண்டியைப் பார்க்கிறது. ரயில் வேண்டும் என்பது அதன் பொருளன்று. தான் காண்பதைப் பாட்டியும் காண வேண்டும் என்பதே அதன் விருப்பம். ஒரு பொருளின் மீதான கவனத்தை மற்றொருவருடன் பகிர்ந்துகொள்ளும் இத்திறனைக் ‘கூட்டுக் கவனம்’ என்கிறோம். மொழியும் விளையாட்டும் நட்பும் இதன்மேல்தான் வளர்கின்றன.

குழந்தையை எங்களிடம் அழைத்து வரும் குடும்பத்தார் பெரும்பாலும் “இன்னும் பேச்சு வரவில்லை” என்றே தொடங்குகின்றனர். நாங்களோ, “எதையாவது கொண்டுவந்து காட்டுகிறானா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறாளா?” என்று கேட்கிறோம். இக்கேள்விகளின் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேச்சு வேறு, உறவு வேறு

இரண்டு வயதுக் குழந்தைகள் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவன் சொற்கள் பேசுவதில்லை. ஆயினும் தாயின் கையைப் பற்றி இழுத்துச் செல்கிறான், சைகையால் கதை சொல்கிறான், அவர் சிரித்தால் தானும் சிரிக்கிறான். மற்றொருத்தி எண்களை வரிசையாகச் சொல்கிறாள், விளம்பரப் பாட்டுகளை அப்படியே ஒப்பிக்கிறாள்; ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, தன் மகிழ்ச்சியை யாரிடமும் காட்டுவதில்லை. குடும்பம் முதற்குழந்தையைப் பற்றிக் கவலைப்படும். இரண்டாவதைக் கெட்டிக்காரி என்று பாராட்டும். முதற்குழந்தைக்குச் செவித்திறன், மொழிப் பரிசோதனைகள் தேவை. ஆனால், உறவுத்திறனைப் பொறுத்தவரை விரைந்து மதிப்பிடப்பட வேண்டியவள் இரண்டாமவளே.

வயதுக்கேற்ற அடையாளங்கள்

ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குழந்தை உங்கள் சிரிப்புக்குப் பதிலாகச் சிரிக்கும். ஒன்பது மாதம் முதல் பெயர் கேட்டுத் திரும்பும். புதியவரைக் கண்டு தயங்கும். ஒரு வயதை ஒட்டி ‘டாட்டா’ காட்டும். தூக்கச் சொல்லிக் கைகளை உயர்த்தும். ஒன்றரை வயதுக்குள், வேண்டியதைக் கேட்பதற்காக மட்டுமன்றி, வியந்ததைக் காட்டுவதற்காகவும் விரல் நீட்டும். இரண்டு வயதில் பொம்மைக்குச் சோறூட்டும். அருகிலுள்ளவர் அழுதால் கவனிக்கும்.

சில நாள்கள் முன்பின் ஆவது இயல்பே. எனினும், 12 மாதத்தில் மழலையோ சைகையோ இல்லாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, 24 மாதத்தில் தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டா. வந்த சொல்லோ சிரிப்போ சைகையோ எந்த வயதில் மறைந்தாலும் உடனே மருத்துவரைக் காணுங்கள். “இவன் தாத்தாவும் ஐந்து வயதில்தான் பேசினார்” என்னும் ஆறுதல் பல குடும்பங்களில் அரிய மாதங்களைக் கவர்ந்துகொள்கிறது.

மதிப்பீட்டின்போது நடப்பவை

முதலில் செவித்திறன் சோதிக்கப்படும். காது கேளாத குழந்தையும் அழைத்தால் திரும்பாது. ஆகவே இதனைத் தவிர்க்கலாகாது.

அடுத்தது கேள்விப் பட்டியல். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு உலகெங்கும் பயன்படும் ‘எம்-சாட்’ பட்டியலின் திருத்திய வடிவத்தில் 20 கேள்விகள் உள்ளன. மூன்று முதல் ஏழு வரை மதிப்பெண் வந்தால், அக்கேள்விகளை மேலும் விரிவாகக் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். எட்டோ அதற்கு மேலோ வந்தால் நேரே முழு மதிப்பீடு தேவை. இப்பட்டியல் வடிகட்டும் சல்லடையே. நோய் முடிவு அன்று.

பின்னர் விளையாட்டு. சோப்புக் குமிழி ஊதுகிறோம். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையை ஓடவிட்டு நிறுத்துகிறோம். “மறுபடியும்” என்று கேட்கக் குழந்தை எங்கள் முகத்தைப் பார்க்கிறதா, அன்றி எங்கள் கையை ஒரு கருவிபோல் பிடித்துப் பொம்மையின்மேல் வைக்கிறதா என்பதை நோக்குகிறோம்.

தேவையெனில் ‘கார்ஸ்’ எனப்படும் அளவுகோலும் பயன்படும். அதில் 15 பகுதிகள். மொத்த மதிப்பெண் 15 முதல் 60 வரை. ஆட்டிசத்துக்கான எல்லையாக வழக்கமாகக் கொள்ளப்படுவது 30. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, நம் நாட்டுக் குழந்தைகளுக்கு 33 என்னும் எல்லை பொருத்தமானது என்று கண்டது. வேற்று நாட்டில் உருவான அளவுகோலை நம் மண்ணில் சரிபார்த்தே பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இது சான்று. எனவே ஓர் எண்ணை மட்டும் கண்டு மனம் கலங்க வேண்டா.

குடும்பம் தரும் சான்று

ஒரு மணி நேரத்தில் நாங்கள் காண்பது சிறிதே. ஆம்பூர், இராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பகுதிகளில் தாய் விடியற்காலையில் ஷூ கம்பெனிப் பேருந்து ஏறிவிட, பாட்டியோ அத்தையோ குழந்தையைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்கின்றனர். அவரையும் அழைத்து வாருங்கள். எங்கள் கேள்விகளுக்கான விடை பலவும் அவரிடமே உள்ளது. குழந்தை வீட்டில் விளையாடும், உண்ணும் காட்சிகளைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுவாருங்கள். உறக்கமும் பசியும் தீர்ந்த வேளையில் வாருங்கள். விடைகளை முன்கூட்டிப் பழக்க வேண்டா. இது தேர்வு அன்று.

வீட்டில் தமிழும் உருதும் தெலுங்கும் கலந்து பேசுவதால் ஆட்டிசம் வருவதில்லை. தாய் வேலைக்குச் செல்வதாலும் வருவதில்லை, தடுப்பூசியாலும் வருவதில்லை. தாய்மீது பழி சுமத்தும் உறவினரிடம் இதனை உறுதியாகச் சொல்லுங்கள்.

முடிவுக்குப் பின்

ஆட்டிசம் என்று உறுதியானாலும் அது கதவடைப்பு அன்று. மூளை விரைந்து வளரும் இப்பருவத்தில் தொடங்கும் பயிற்சி மிகுந்த பயன் தரும். சிறந்த பயிற்சியாளர் பெற்றோரே. பாகாயத்திலுள்ள சி.எம்.சி. மனநல மையத்தின் ‘நம்பிக்கை நிலையம்’ பெற்றோருக்கே பயிற்சி முறைகளைக் கற்பித்து வருகிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். உங்கள் ஐயத்தை அவர்களிடமும் கூறலாம்.

மதிப்பீட்டு நாள்வரை காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியது ஒன்றுண்டு. நாள்தோறும் சிறிது நேரம் கைப்பேசியை ஒதுக்கிவிட்டுக் குழந்தையின் கண்மட்டத்தில் அமருங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள். அதன் பெயரைச் சொல்லுங்கள். மறுமொழிக்குச் சற்றுப் பொறுத்திருங்கள். குழந்தை விரல் நீட்டாவிட்டால், நீங்கள் நீட்டி “அதோ ரயில்!” என்று சொல்லுங்கள். அது வண்டியைப் பார்த்ததா, உங்கள் முகத்தைப் பார்த்ததா என்று குறித்துவைத்து, வரும்போது எங்களிடம் கூறுங்கள். எங்கள் பணி அக்குறிப்பிலிருந்தே தொடங்கும்.